தண்ணீரில் விடுபட்ட எழுத்து

அந்த எழுத்தை அழித்தது நான்தான். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்று டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. கைதவறிப் போச்சு என்று பிறகு எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். கை தவறவில்லை. மௌஸை அதன் மேல் கொண்டுபோய், சுற்றி ஒரு கட்டம் போட்டு, டெலிட்டை அழுத்தினேன். நன்றாக நினைவிருக்கிறது.

மதுரைக்குத் தெற்கே கப்பலூரில், இரும்புத் தகட்டை லேசரில் வெட்டும் பட்டறை ஒன்றில் டிராயிங் போடுகிற வேலை எனக்கு. பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தேன், எட்டு வருடம் ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் படிக்க வைத்தார்கள். மெக்கானிக்கல் பிரிவில் அந்த வருடம் நாங்கள் மூன்றே பெண்கள். கேட்டுக்குப் பூ டிசைன், லாரிக் கூண்டு கட்டுகிறவர்களுக்குத் துளை போட்ட தகடு, ஹோட்டல் அடுப்புக்கு மேல்தகடு, கோயில் உண்டியலுக்கு மூடி, எது வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். காகிதத்தில் வரைந்து கொண்டுவருவார்கள். அதை ஸ்கேன் செய்து, மேலே கோடு இழுத்து, மை தெறித்தது, காகிதம் மடிந்தது, டீ கிளாஸ் வைத்த வட்டம் எல்லாவற்றையும் நீக்கி, மெஷினுக்குப் புரிகிற ஒரே கோடாக ஆக்கிக் கொடுக்க வேண்டும். நான் போடுகிற கோட்டின் மேல்தான் நெருப்பு போகும். என் வேலையில் பாதி வரைவது, பாதி அழிப்பது.

அந்த எழுத்தை அழித்த வருடம் ஆடி மாதம் எனக்குக் குழந்தை இறந்து பிறந்தது. எட்டாவது மாதம். ஒரு காலையில் எழுந்தபோது வயிற்றில் அசைவு இல்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் முழுசாகத் தெளியச் சாயங்காலம் ஆனது. அதற்குள் என் வீட்டுக்காரரும் மாமனாரும் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பார்த்தால் தாங்க மாட்டேன் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தார்கள். பெண் குழந்தை என்று மட்டும் நர்ஸ் சொன்னார், அதுவும் நான் கேட்ட பிறகு.

வீட்டுக்கு வந்தபோது வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நான் வாங்கி வைத்திருந்த இரண்டு சட்டை, மஞ்சள் துண்டு, அம்மா பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்த துணிகள், ஒன்றும் இல்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அக்கம்பக்கத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பால் கட்டி மார் வலித்தபோது அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டார். நாலைந்து நாளில் பால் நின்றது. அத்தனை பூ உடம்போடு ஒட்டிக் கிடந்தும் எனக்கு வாசம் தெரியவில்லை.

“அழுதிரு புள்ள. அழுதாத்தான் நெஞ்சு எறங்கும்” என்று அம்மா தினமும் சொன்னார். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிற இடம் தெரியாமல் போகுமே, அப்படி இருந்தது, உடம்பு மொத்தமும். வீட்டுக்காரர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார். விடியும் முன் மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றப் போனால் மத்தியானம் வருவார், மறுபடி போவார். “வாரேன்” என்பார், “போறேன்” என்பார், “சாப்ட்டியா” என்பார். நானும் பதில் சொல்வேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. நாற்பத்தைந்தாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இரு என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

புரட்டாசியில் அந்த மேடம் பட்டறைக்கு வந்தார். அறுபது வயதை நெருங்கியவர். காட்டன் புடவை, தலையில் முந்தானை, தோளில் படம் சுருட்டி வைக்கிற நீளக் குழாய். மதுரைக்காரர்தான். சிம்மக்கல்லில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மொத்தக்கடை இருந்ததாம். கட்டடக்கலை படித்துவிட்டு வளைகுடாவில் பல வருடம் கட்டடங்கள் வரைந்தவர், இப்போது ஊரோடு வந்து சிற்பம் செய்கிறார். குழாயிலிருந்து காகிதத்தை உருவி, தகட்டுக் குவியலின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு நட்டை எடுத்து வைத்தார். கறுப்பு மையில் அரபி எழுத்து. வலது பக்கம் சின்னதாக ஒரு உருண்டைத் தலை, அதிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் நெட்டுக்குத்தலாக மேலே ஏறும் ஒரு நீண்ட கோடு.

எங்கள் முதலாளி தயங்கினார். அவரை அண்ணே என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

“மேடம், இது ஓதுற எழுத்தா? இங்க எல்லாரும் செருப்புக் காலோட தகட்டு மேல ஏறி நின்னு வேல பாக்குற எடம். நாளப்பின்ன ஏதும் தப்பாயிரக் கூடாது.”

“ஓதுறது இல்ல தம்பி. வெறும் வார்த்தைதான். தண்ணின்னு எழுதியிருக்கேன். வேத வாக்கியத்த நான் ஆளு நடமாடுற வெட்டவெளியில நட மாட்டேன். தண்ணி எல்லாருக்கும் பொதுதானே?”

கீழக்குயில்குடிப் பக்கம் மலையைப் பார்த்தாற்போல் ஒரு தனியார் கல்லூரி. அங்கே மழைநீருக்காகப் புதிதாக ஊருணி வெட்டியிருக்கிறார்கள். அதன் கரையில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு அந்த வார்த்தை நிற்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வடிவத்தில் தகடு வெட்டி, நடுவில் இடைவெளி விட்டு, ஓரத்தைப் பட்டையால் மூடி வெல்டிங் வைக்க வேண்டும். பெயின்ட் கிடையாது, துரு பிடிக்கட்டும் என்றார். பேசுகிறபோது கையால் காற்றில் அந்த எழுத்தை எழுதிக்கொண்டே இருந்தார்.

காகிதத்தின் ஓரத்தில் வரிசையாகச் சாய்சதுரப் புள்ளிகள் இருந்தன. அது என்ன என்று கேட்டேன்.

“அளவும்மா. நாணல் பேனாவ ஒரு அழுத்து அழுத்துனா இப்படி ஒரு புள்ளி விழும். எங்களுக்கு அதுதான் ஸ்கேல். இந்த நிக்கிற எழுத்து ஏழு புள்ளி ஒசரம். பேனா பெருசானா புள்ளி பெருசாகும், எழுத்தும் கூடவே பெருசாகும். கணக்கு மாறாது.”

“கோலத்துக்கு வைக்கிற மாதிரியா மேடம்?”

“கிட்டத்தட்ட. ஆனா கோலத்துல புள்ளி தங்கிரும். இதுல அளந்து முடிச்சா புள்ளிக்கு வேல இல்ல. நீங்க கோடு போடும்போது இந்தப் புள்ளி, பென்சில் கோடு, பேனா ஓடுதான்னு கிறுக்கிப் பாத்தது, அம்புட்டையும் எடுத்துருங்க. எழுத்து மட்டும் போதும்.”

தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவர் அவசரத்தில் இருந்தார். சென்னையில் அவருடைய அக்காவுக்கு இருதய ஆபரேஷன், சாயங்காலம் ரயில். வேலை முடிகிறவரைக்கும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை நான் ஸ்கேனை விரித்து வைத்து முதலில் புள்ளிகளை எடுத்தேன். பிறகு பென்சில் கோடுகள். இடது ஓரத்தில், கீழே, பேனாவை இழுத்துப் பார்த்த இரண்டு மூன்று கிறுக்கல்கள் இருந்தன. அவற்றுக்கும் நெட்டுக்கோட்டுக்கும் நடுவில் தனியாக ஒன்று இருந்தது. கொக்கிபோல வளைந்து, அடியில் வால் இழுத்த ஒரு சின்ன வடிவம். எனக்கு எழுத்து என்றால் இடது பக்கம் தொடங்கும்; அரபி வலமிருந்து போவது அப்போது தெரியாது. இது தொடங்குவதற்கு முன்னால் போட்டுப் பார்த்தது என்று பட்டது. கிறுக்கலுக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்றும் ஒரு கணம் தோன்றியது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பழைய நான் கேட்டிருப்பேன். ஒரு துளை எட்டு மில்லியா பத்து மில்லியா என்று கேட்க, உசிலம்பட்டியிலிருந்து வேலை கொடுத்த ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று தடவை போன் போட்டவள் நான். அன்றைக்குப் போனை எடுக்கக் கை நீளவில்லை. அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

முடித்த டிராயிங்கை மேடத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து ஓகே என்று பதில் வந்தது.

தகடு வெட்டவும் வெல்டிங் வைக்கவும் மூன்று வாரம் ஆனது. பட்டறைக்குப் பின்னால் அது படுத்துக் கிடந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போகிறபோது அதைச் சுற்றிக்கொண்டு போவேன். வெல்டர் அண்ணன் ஒருத்தர் உண்டு, எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். அவர் அதைச் சுத்தியலால் தட்டி, “எழுத்துக்குள்ள காத்து ஓடுது பாரு” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்தேன் என்று நினைக்கிறேன். கிரேன் வைத்து அவர்கள் அதைக் கல்லூரியில் நிறுத்திய அன்றைக்கு நான் போகவில்லை. முதலாளி போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவர் அழைத்தபோது முதலாளி கை முழுக்க ஆயில். போனை என் மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

“தம்பி, இன்னொண்ணு எங்க?”

“எது மேடம்?”

“கீழ, எடது பக்கம், தனியா ஒண்ணு வரணுமே. அத இன்னும் வைக்கலயா?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த அந்த மூலக் காகிதத்தைப் பார்த்தேன். அங்கே அது இருந்தது.

“மேடம், டிராயிங்ல அம்புட்டுத்தான் இருந்துச்சு.”

மேடம் மெதுவாகத்தான் பேசினார், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“அது இல்லாட்டி இது தண்ணி இல்ல தம்பி. நீங்க நட்டு வச்சிருக்கிறது என்னன்னு தெரியுமா? ‘இல்லை’. அரபி தெரிஞ்சவங்க வந்து பாத்தா ‘இல்லை’ன்னு படிப்பாங்க. பன்னெண்டு அடிக்கு, மலைக்கு முன்னாடி, ‘இல்லை’ன்னு எழுதி நிப்பாட்டியிருக்கீங்க.”

“மெஷின்ல விட்டுப்போயிருக்கும் மேடம், சில நேரம் ஃபைல் கரப்ட் ஆகி…” என்று முதலாளி ஆரம்பித்தார்.

“இல்லண்ணே. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

மேடத்துக்கும் கேட்டிருக்கும். “ஞாயித்துக்கெழம மதுர வாரேன். திங்கக்கெழம காலைல அவங்கள அந்த எடத்துக்கு வரச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே, “நீ ஏம்மா வாயத் தொறந்த?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் பட்டறையில் யாரும் என்னிடம் கோபப்படவில்லை. எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

திங்கட்கிழமை நாகமலைப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வெயில் ஏறிவிட்டது. மலைப்பாறை வெளுப்பாகத் தெரிந்தது. ஊருணியில் கணுக்காலளவுகூடத் தண்ணீர் இல்லை, தரை வெடித்துக் கிடந்தது. கரையில் அது நின்றது. நான் அதை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். துரு பூக்க ஆரம்பித்துச் சில இடங்களில் செங்கல் நிறம், சில இடங்களில் இன்னும் நீலம். இரண்டு மாணவிகள் அதில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப அழகாக இருப்பதாக ஒருத்தி சொன்னாள். அங்கே எழுதியிருப்பது என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

மேடம் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

“ஏம்மா, கண்ணு எங்க இருந்துச்சு? கிறுக்கல எடுங்கன்னு சொன்னேன், எழுத்தவா எடுக்கச் சொன்னேன்? எம்புட்டு நாளு எழுதுனது தெரியுமா அது? அந்தச் சின்னது மட்டும் நாப்பது தடவ எழுதியிருப்பேன். அதுக்குப் பேரு ஹம்ஸா. அதுக்குத் தனியா ஒரு ஓசை கெடையாது. பேசும்போது தொண்டை ஒரு நொடி அடைக்குமே, அதுதான். சில வார்த்தைல அது வேற எழுத்து மேல ஏறி உக்காரும். அந்த எழுத்த அதோட நாற்காலின்னே சொல்லுவாங்க. இந்த வார்த்தைல நாற்காலி இல்ல. வெறுந்தரையில இருக்கும். சின்னதா, ஓரமா இருக்குன்னு எடுத்துட்டீங்க.”

“ஆமா மேடம்.”

“என்ன ஆமா? ஏன்னு கேக்குறேன்.”

“தெரியல மேடம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. ரெண்டு மூணு மாசமா எதுவும் மேல ஒட்ட மாட்டேங்குது. ஆடியில கொழந்த எறந்து பொறந்துச்சு.”

அளவு சொல்கிற குரலில்தான் சொன்னேன். நானாக ஒருத்தரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லோருக்கும் யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். விதி என்பார்கள், வயது இருக்கிறது என்பார்கள், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்பார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

“பாத்தீங்களா?”

“இல்ல மேடம். காட்டல.”

“நீங்க கேக்கலயா?”

“இல்ல.”

தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊருணிக் கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து போனார். திரும்பி வந்தபோது கோபம் முழுசாகப் போயிருக்கவில்லை, ஆனால் அது என் மேல் இல்லை.

“நீங்க அனுப்புன படத்துக்கு ஓகே போட்டது நானு. ஐசியு வாசல்ல நின்னுக்கிட்டு, தொறந்துகூடப் பாக்காம போட்டேன். இப்ப நடக்கும்போதுதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. வர வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே வந்தேன், அத மட்டும் மறந்துட்டு.”

“அக்கா எப்படி இருக்காங்க மேடம்?”

“இருக்கா. நடக்க ஆரம்பிச்சுட்டா.” சிற்பத்தின் பக்கம் திரும்பினார். “அந்தச் சின்னத நீங்களே கோடு போடுங்க. ஆளு மாத்த வேணாம். அவசரமும் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லிருங்க உங்க வெல்டர்ட்ட: பீடம் கெடையாது. தரையிலேருந்தே எந்திரிச்சு நிக்கணும்.”

வழக்கமாக அப்படி ஒரு வடிவத்துக்கு அரைமணி நேரம் போதும். நான் ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். காகிதத்தைக் கண்ணாடி மேல் வைத்து, பேனா எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே மெலிந்து விடுபடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். ஆர்வம் ஒன்றும் வந்துவிடவில்லை. இன்னொரு தடவை தப்பக் கூடாது என்று மட்டும் இருந்தது. வெட்டுகிறபோது லேசர் மெஷினின் பச்சைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பல வருடமாக நான் அங்கே போய் நின்றதில்லை. பொறி பறந்து தகட்டுக்கு அடியில் விழுந்துகொண்டே இருந்தது. துண்டு கழன்று விழாமல் ஒரு சின்ன இணைப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. வெல்டர் அண்ணன் அதைத் தட்டி எடுத்தார்.

முடிந்தபோது இரண்டரை அடி உயரம், முப்பது கிலோவுக்குப் பக்கம். முதலாளி வண்டிக்குச் சொல்கிறேன் என்றார். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எதற்காக அவரைக் கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் மத்தியானச் சவாரியை விட்டுவிட்டு வந்தார். குட்டி யானையின் பின்னால் தக்காளிக் கூடைகளுக்குப் போடும் சாக்கை விரித்து அதைப் படுக்க வைத்தோம். வெல்டர் அண்ணன் பின்னால் கூடவே உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால். “என்னா இது?” என்று வீட்டுக்காரர் கேட்டார். எழுத்து என்றேன். “எந்த ஊரு எழுத்து?” என்றார். அரபி என்றேன். “சரி” என்று கியரைப் போட்டார்.

ஊருணிக் கரையில் ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தார்கள். இடத்தை மேடம் காலால் அளந்தார். “இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒட்டி நிக்கக் கூடாது. பேனாவுக்கு ரெண்டு புள்ளி எடம்னா இங்க மூணு அடிக்கு மேல.” கான்கிரீட்டை ஊற்றிய பிறகு, அது இறுகிப் பிடிக்கிறவரை யாராவது அதை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முட்டுக்கொடுக்கக் கம்பி இருந்தது, ஆனாலும் சாய்ந்துவிடும் என்று வெல்டர் அண்ணன் பயந்தார். என் வீட்டுக்காரர் மண்டியிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். வெல்டர் அண்ணன் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, “மாப்ள, இம்புட்டு வலது பக்கம்… போதும்… மூச்சு விடாத” என்றார். வீட்டுக்காரர் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் துடைத்துவிட்டேன்.

மேடம் தள்ளிப் போய், கண்ணைச் சுருக்கி, வலமிருந்து இடமாக ஒருதரம் பார்த்தார். “இப்பத் தண்ணி” என்றார். அவ்வளவுதான். எனக்குக் கை கொடுத்தார். சொரசொரப்பான கை. எங்களிடம் ஒரு பையில் கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினார்.

வெல்டர் அண்ணனை நாகமலைப் புதுக்கோட்டையில் இறக்கிவிட்டோம். வண்டியைத் திருப்பப் போனவரிடம், “ஊருக்குப் போவோம்” என்றேன்.

“வீட்டுக்குத்தான போறோம்?”

“ஒங்க ஊருக்கு. எங்க வச்சீங்கன்னு காட்டுங்க.”

எதை என்று அவர் கேட்கவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் அதை அணைத்தார். தேனி ரோட்டில் நேராகப் போனோம். செக்கானூரணியைத் தாண்டினோம்.

அவர் ஊர்க் கண்மாய்க்கு வடக்குக் கரை. கரைக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினோம். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு இடத்தில் நின்று, “இங்கனதான்” என்றார். பிறகு நாலு எட்டு இடது பக்கம் நகர்ந்து, “இல்ல, இங்கன” என்றார். மறுபடியும் முதல் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். இடையில் மழை பெய்திருந்தது. மண் எங்கும் ஒரே மட்டமாக இருந்தது. “கல்லு வச்சேன். ஆடு தட்டிவிட்டிருக்கும்” என்று குனிந்து தேடினார். நிறையக் கற்கள் கிடந்தன.

“பரவால்ல, விடுங்க” என்றேன்.

நான் நின்றேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தையல் போட்ட இடம் சேலைக் கட்டுக்குள் அரித்தது. மறுநாள் முடித்துக் கொடுக்க வேண்டிய ஜன்னல் டிசைன் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டு ஜன்னலை நினைக்கிறேனே என்று தோன்றியது. அந்த எண்ணமும் தூரத்தில் யாரோ பேசுவது போலத்தான் கேட்டது.

“முடி நெறைய இருந்துச்சு” என்றார் அவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு?”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். “கருகருன்னு. நெத்தி வரைக்கும் எறங்கி இருந்துச்சு. ஈரமா.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரிதான். ஒதடு மட்டும் கொஞ்சம் கறுத்திருந்துச்சு.” கரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். “வழி பூரா நாந்தான் கையில வச்சிருந்தேன். அப்பா வண்டி ஓட்டுனாரு. துணிய ஒருதடவ வெலக்கிப் பாத்தேன். அவரு பாக்காதடான்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. பாத்துட்டேன். ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சுட்டது. அன்றைக்கும் நான் அழவில்லை. அழுதது பிறகு எப்போதோ, சம்பந்தமே இல்லாத ஒரு காலையில், திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது. அன்றைக்கு, கண்மாய்க் கரையில், எனக்குக் கேள்விதான் இருந்தது. ஒன்று கேட்டால் இன்னொன்று வந்தது. எடை எவ்வளவு இருந்தது, காது யாருடையது போல இருந்தது, எந்தத் துணியில் சுற்றினீர்கள், என்று கேட்டுக்கொண்டே போனேன். தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

“கையி?” என்றேன்.

அவர் தன் கையை விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“மடக்கி வச்சிருந்துச்சு. நான் விரிச்சுப் பாத்தேன். நகம் இருந்துச்சு புள்ள. குட்டிக் குட்டியா, அம்புட்டு வெரலுக்கும்.”